வேட்டி கட்டிய பெட்டி



போன மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து போனைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. நேற்றுதான் விலக்கிக்கொண்டார்கள். பேசாமல் இருந்த நாட்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன், அதனால் பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

என்னிடம் படித்த எல்லோருக்கும் அட்டைப்பெட்டி ஞாபகம் இருக்கும். செருப்புக்கடையில் கேட்டு வாங்கி வரச் சொல்வேன். ஒரு பக்கம் ஊசியால் ஒரே ஒரு துளை, எதிர்ப்பக்கம் எண்ணெய் தடவிய வெள்ளைக் காகிதம். ஜன்னலைச் சாத்திவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினால் காகிதத்தில் சுடர் தலைகீழாக எரியும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, "சார், மெழுகு மேல ஒழுகுது சார்!" என்று கத்தும். 1981ல் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெரிய பாடமே இதுதான்: காசில்லாத பள்ளிக்கூடத்தில் அட்டையும் கோந்தும் கத்தரிக்கோலும் இருந்தால் விஞ்ஞானம் நடத்தலாம். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இந்தப் பதிவு அந்தக் கர்வத்தைப் பற்றியதும்தான்.

ஏழெட்டு மாதம் முன்பு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், "சார், என்னைத் தெரியுதா?" என்று நின்றாள். 1998ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களில் சிலருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தாலும் கமெண்டில் எழுதாதீர்கள். இப்போது பட்டாபிராமில் குடித்தனம். கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, ஒரு வருடமாக வேலைக்குப் போக முடியவில்லை. இவள் வீட்டில் சுடுமண் நகை செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறாள். ஜிமிக்கி, பதக்கம், மணி மாலை. மொட்டை மாடியில் வறட்டி அடுக்கிச் சுடுகிறாளாம். பெயிண்ட் அடிப்பதில்லை. சுட்ட மண்ணின் நிறமேதான் நகையின் நிறம். காற்று நன்றாகப் பட்டுச் சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். மூடிவைத்துப் புகையில் சுட்டால் கருக்கும். கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளுக்கும் இதே சூட்சுமம்தான். அவள் கைப்பையிலிருந்து ஒரு ஜிமிக்கியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மிளகு அளவு மணிகளில் ஊசியால் தாமரை கீறியிருந்தாள். ஐந்தாம் வகுப்பில் அவள் நோட்டில் கோடு நேராக வராது என்று நான் திட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு வந்ததா என்று கேட்கவில்லை.

போனில் படங்களைக் காட்டினாள். சிவப்புத் தரையில் வைத்து, ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தவை. ஜிமிக்கி எங்கே, தரை எங்கே என்றே தெரியவில்லை. யாரோ ஒருவர் "அழுக்கா இருக்கே" என்று எழுதியிருந்தார்.

"விடும்மா, சார் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். இதற்கு லைட் பாக்ஸ் என்று பெயர். கடையில் மடக்கும் மாடலே கிடைக்கிறது, ஆனால் அட்டைப்பெட்டி வாத்தியார் அதை வாங்குவாரா? மளிகைக் கடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன். திறந்த பக்கம் நம்மைப் பார்க்கும்படி படுக்க வைத்து, இடது, வலது, மேல் என்று மூன்று பக்கங்களிலும் ஜன்னல் வெட்டினேன். ஓரத்தில் இரண்டு அங்குலம் சட்டம் மாதிரி விட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி தொய்ந்துவிடும். ஜன்னல்களுக்கு மெல்லிய வெள்ளைத் திரை. வீட்டில் தேடினேன், என் பழைய வேட்டி கிடைத்தது. கிழித்து, இழுத்து ஒட்டினேன். வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "பெட்டிக்கு வேட்டி கட்டியாச்சு, துண்டு எப்போ?" என்றாள்.

திரை எதற்கு என்பது நான் உங்களுக்கு ஐந்தாம் வகுப்பில் நடத்தியதுதான். கருநிழல், புறநிழல். ஒளி ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வந்தால் நிழல் கத்தியால் வெட்டியது போல விழும். பெரிய பரப்பிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். சித்திரை வெயிலில் நம் நிழல் எப்படி, ஐப்பசி மூடாக்கில் எப்படி என்று நினைத்துப் பாருங்கள். மூடாக்கு நாளில் வானம் முழுவதும் ஒரே விளக்கு. வேட்டித் துணிக்குப் பின்னால் பல்பு எரிந்தால் துணி முழுவதும் விளக்காகிவிடுகிறது. பெட்டிக்குள் ஐப்பசி.

உள்ளே ஒரு வெள்ளைச் சார்ட். அதை மடிக்கக் கூடாது. பின்சுவரின் மேல்விளிம்பில் ஒட்டி, தானாக வளைந்து தரையில் வந்து படியும்படி விட வேண்டும். மடித்தால் படத்தில் ஒரு கோடு விழும், சுவர் வேறு தரை வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும். வளைத்து விட்டால் பொருள் வெள்ளை ஆகாயத்தில் மிதப்பது போல இருக்கும்.

பல்பு விஷயத்தில்தான் முதலில் சறுக்கினேன். வீட்டில் கழற்றிய இரண்டு எல்இடி பல்புகளை இரண்டு பக்கமும் வைத்தேன். ஜிமிக்கியின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். ஒன்று வார்ம் ஒயிட், 3000 கெல்வின். இன்னொன்று கூல் டே லைட், 6500 கெல்வின். அட்டைப்பெட்டியிலேயே எண் போட்டிருக்கிறது, இத்தனை வருடம் அதைப் படிக்காமல் மாட்டியிருக்கிறேன். 6500ல் மூன்று, ஒன்பது வாட், வாங்கி வந்தேன். (பழைய குண்டு பல்பு யாரும் வைத்துவிடாதீர்கள். அது கொடுப்பதில் முக்கால்வாசிக்கு மேல் சூடுதான். துணியோ காகிதமோ பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும்.)

அடுத்தது சாம்பல் பிரச்சினை. வெள்ளைச் சார்ட் படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்தது. காமிராவுக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. அது எதைப் பார்த்தாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வரும்படி வெளிச்சத்தைக் குறைக்கும், கூட்டும். எல்லாப் பிள்ளைக்கும் 35 மார்க் போடும் வாத்தியார் மாதிரி. திரையில் பொருளின் மேல் விரல் வைத்தால் சின்னச் சூரியன் தெரியும், அதை மேலே தள்ள வேண்டும். கறுப்புச் சார்ட்டில் கறுப்பு நகை வைத்தால் கீழே தள்ள வேண்டும். இன்னொன்று, போனை ஜிமிக்கியின் மூக்கருகில் கொண்டுபோகாதீர்கள். முன்னால் இருக்கும் மணி பூசணிக்காயாகவும் பின்னால் இருப்பது கடுகாகவும் வரும். ஒன்றரை அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம்.

ஒரு விஷயம் நானாகவே கண்டுபிடித்தேன், அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். மூன்று பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் இருந்தால் நிழல் போய்விடும், கூடவே ஊசியால் கீறிய தாமரையும் போய்விடும். பள்ளத்தைக் காட்டுவதே நிழல்தான். வலது பக்கப் பல்பை அணைத்ததும் தாமரை எழுந்து வந்தது. அப்போதுதான் 1992ல் உங்களைப் பூண்டிக்குக் கூட்டிப்போனது நினைவுக்கு வந்தது. அங்கே அகழ்வைப்பகத்தில் கற்காலக் கருவிகள் இருக்கின்றன. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார், அதே வருடம் நம் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கண்டுபிடித்தார். பிறகு சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி, அந்த இடத்தின் கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011ல் நிறுவினார்கள். அன்றைக்கு என்னிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 காமிரா இருந்தது. 120 பிலிம், ஒரு சுருளுக்கு 12 படம், அதில் நான்கைக் கைக்கோடாரிக்கே செலவழித்தேன். கழுவி வந்தபோது நான்கிலும் உருளைக்கிழங்கு. செதுக்கிய தழும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. வெளிச்சம் நேர் முன்னாலிருந்து விழுந்ததுதான் காரணம் என்பது எனக்குப் புரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

போகட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் திருமுல்லைவாயலுக்கு ரயிலேறி வந்தாள், டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து நகைகளை அடுக்கிக்கொண்டு. மொத்தம் 42 டிசைன். நான் எடுப்பேன், அவள் வைத்து வைத்து மாற்றுவாள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திருத்தினேன். பின்னணி சுத்த வெள்ளையாக வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். லேசாக மஞ்சள் பாரித்த மாதிரி தோன்றியது, கலர் பட்டையை நீலப் பக்கம் கொஞ்சம் தள்ளினேன். இன்னும் கொஞ்சம். சலவைக்குப் போட்டு வாங்கியது போல ஆனதும் நிறுத்தினேன். அவளிடம் காட்டினேன். "எப்படி?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சூப்பரா இருக்கு சார்" என்றாள்.

நம் குடும்ப குரூப்பிலும் போட்டேன், ஞாபகம் இருக்கும். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. என் தங்கை மகள் மட்டும், "மாமா, கொஞ்சம் ப்ளூவா இருக்கோ?" என்று கேட்டிருந்தாள். "உன் போன் செட்டிங்கைப் பாரும்மா" என்று பதில் போட்டேன். போதாதென்று ஒரு சிரிப்புப் பொம்மையும்.

அதன்பிறகு நான்கைந்து மாதம் அதைப் பற்றி நான் நினைக்கவில்லை. எப்போதாவது அவள் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்பேன். என் படங்கள்தான் மேலே வரிசையாக நிற்கும். திருப்தியாக இருக்கும்.

இதற்கிடையில் கண் மங்கிக்கொண்டே வந்தது. ராத்திரி எதிரே வரும் வண்டியின் விளக்கு உடைந்து சிதறும். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை, வலதை முதலில் செய்துவிடலாம் என்றார். கால் மணி நேர வேலை. மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். எதிரே சுவர். அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்! நர்ஸின் உடுப்பில் இருந்த நீலக் கரை கண்ணைப் பறித்தது. வலது கண்ணை மூடி இடதால் பார்த்தேன், சுவரில் டீ கொட்டியிருந்தது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். வெள்ளை, டீ, வெள்ளை, டீ. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறும். நீலத்தை அது வடிகட்டிவிடும். இது மெல்ல மெல்ல நடப்பதால் மூளை சரிக்கட்டிக்கொள்கிறது, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிரான்சில் மோனே என்ற பெரிய ஓவியருக்கே இப்படி ஆகியிருக்கிறது. புரை முற்றிய காலத்தில் அவர் வரைந்த தோட்டங்கள் செம்பழுப்பாக எரியும். 1923ல் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். அவருக்கும் வலதுதான் என்று படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் உத்தரவை மீறிப் போனை எடுத்தேன். அவள் பக்கத்தைத் திறந்தேன்.

நீலம். 42 படமும் நீலம். வெள்ளைச் சார்ட் பிணத்துக்குப் போர்த்தியது போல இருந்தது. சுட்ட செங்கல் நிறம் கத்தரிக்காய்க்கும் மெரூனுக்கும் நடுவில் எங்கோ நின்றது. முதலில் ஆபரேஷன் செய்த கண் நீலத்தைக் கூட்டிக் காட்டுகிறதோ என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பவே இப்படித்தானே இருந்துச்சு. நீங்க வேணும்னே ஏதோ ஸ்டைலா பண்ணீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, அந்தப் படமெல்லாம் நீலமா இருக்கே."

"தெரியும் சார்."

"எப்போதிலேருந்து?"

"அன்னிக்கே சார். உங்க வீட்டுலயே."

"ஏன் சொல்லல?"

பதில் வரவில்லை. பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்டது. "நீங்க ரெண்டு வாரம் உக்காந்து செஞ்சீங்க சார். வேட்டியெல்லாம் கிழிச்சு" என்றாள்.

துருவித் துருவிக் கேட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மெரூன் என்று நினைத்து வாங்கியவர்களில் ஒன்பது பேர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போன கூரியர் செலவும் திரும்பி வந்த செலவும் இவள் தலையில். பட்டுப்புடவைக்குப் பொருத்தமாகக் கேட்டு வாங்கிய ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் குரூப்பிலேயே ஏமாற்றுக்காரி என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் அவளே காலையில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்து எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். கேட்கிறவர்களுக்குத் தனியாக அந்தப் படத்தைத்தான் அனுப்புவாளாம்.

"அப்போ என் படத்தை ஏன் இன்னும் மேலே வெச்சிருக்கே?"

"நீங்க வந்து பாப்பீங்க இல்ல சார்."

பணம் கொடுக்கிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டாள். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. 38 வருடம் கரும்பலகை முன்னால் நின்று, திரும்பி, "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறேன். நாற்பது வாயும் சேர்ந்து "புரிஞ்சுது சார்" என்று பாடும். அந்தப் பாட்டில் அவள் குரலும் இருந்திருக்கும். ஒருமுறை ஏழெட்டு ஐம்பத்தாறுக்குப் பதில் 54 என்று பலகையில் எழுதிவிட்டேன், வகுப்பு முழுவதும் 54 என்று எழுதி வைத்திருந்தது. வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும். ஸ்டாஃப் ரூமில் அதை ஜோக்காகச் சொல்லிச் சிரித்தோம். மேசை மேல் என் மர ஸ்கேல் இருந்தது என்பதை அந்த ஜோக்கில் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். கண் மட்டும் குற்றவாளி இல்லை. வேட்டியை வீட்டில் சொட்டு நீலம் போட்டு அலசுவது வழக்கம், ஒளி அதன் வழியாகத்தானே வந்தது. காமிராவும் ஏமாந்திருக்கிறது. சட்டம் முழுவதும் சிவப்புப் பொருளாக இருந்தால், விளக்கே சிவப்பு போலிருக்கிறது என்று எண்ணி அது தானாக நீலத்தைக் கூட்டிவிடும். அதற்கு மேல் நான் பட்டையைத் தள்ளினேன். மலிவு பல்பில் இன்னொரு குறை: சில எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. மண் நிறம் செத்துப்போகும். பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் என்று போட்ட பல்பு வாங்க வேண்டும், விலை கூடத்தான்.

டாக்டர் அனுமதித்ததும் பெட்டியை மறுபடி எடுத்தேன். வேட்டியை உரித்துவிட்டு டிரேசிங் பேப்பர் ஒட்டினேன். நல்ல பல்பு மூன்று, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது. அப்புறம் ஒரு யோசனை. எது வெள்ளை என்று காமிராவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றால், தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால்? மேசை டிராயரில் ஓய்வு பெற்ற நாளில் எடுத்து வந்த சாக்பீஸ் டப்பா இருந்தது. ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு சாக்பீஸ். ஸ்னாப்சீட் என்ற ஆப்பில் வைட் பேலன்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் சொட்டு மருந்துக் குழாய் போல ஒரு படம் இருக்கும். அதை சாக்பீஸ் மேல் வைத்தால் மற்ற நிறமெல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு ஓரத்தை வெட்டிவிடலாம். விலை கொடுத்தால் இதற்கென்றே சாம்பல் அட்டை கிடைக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள்.

படத்தைச் சரியென்று முடிவு செய்வது இப்போது நானில்லை. நகையைப் போன் பக்கத்தில் வைத்து அவள் பார்ப்பாள், அவள் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு சார்" என்றாள். வேண்டுமென்றே ஒன்றைப் பச்சையாக்கிக் காட்டினேன். அதற்கும் "நல்லாருக்கு சார்". நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "இது மட்டும் கொஞ்சம் பாசி மாதிரி இருக்கு சார்" என்றாள்.

தங்கை மகளுக்கு: உன் போன் நல்ல போன்தான். மாமாவை மன்னித்துவிடு.

42 படத்தையும் மாற்றியாகிவிட்டது. வரலட்சுமி நோன்புக்காகப் புதிதாக ஆறு செட் செய்து போன ஞாயிறு கொண்டு வந்தாள். நான் பெட்டியைத் துடைத்து, பல்பு போட்டு, பதக்கத்தை நடுவில் வைத்து, கெத்தாக ஒரு படம் எடுத்தேன்.

"சார், சாக்பீஸ்."

"வெச்சிருக்கேன் பாரும்மா, ஓரத்துல."

அவள் குனிந்து பார்த்தாள். "அது கலர் சாக்பீஸ் சார்" என்றாள்.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மஞ்சள்தான்.